குழலுக்கும் பிடங்குக்கும் நடுவே

எனக்குக் கால் ஆட்டும் பழக்கம் உண்டு. கதிரையில் இருந்தால் போதும், வலது கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். சின்ன வயதில் "காலாட்டாதை, வீட்டுக்குத் தரித்திரம்" என்று அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். கலியாணத்துக்குப் பிறகு அந்த ஏச்சை என் கணவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். ரெயிலில் எதிரே இருப்பவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முழங்காலைப் பார்ப்பார்கள். ஐம்பது வயது தாண்டியும் அந்தக் கால் ஓரிடத்தில் நின்றதாக நினைவில்லை. அது முதல்முதலாக நின்றது கென்ற் பக்கத்துக் காடொன்றில், மரத்தில் சாய்த்துக் கட்டிய ஓர் இரும்பு ஏணியின் உச்சியில்.

அங்கே என்னைக் கொண்டுபோனது மான் இறைச்சி. நானும் அவரும் அப்டன் பார்க்கில் ஒரு சின்னக் குசினியை வாடகைக்கு எடுத்து, பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் சாப்பாடு செய்துகொடுக்கிறோம். சமையல் அவருடையது. ஓடர் எடுப்பது, சாமான் வாங்குவது, வானில் கொண்டுபோய் இறக்குவது என்னுடையது. எங்கள் ஆம்பிளைகளுக்குப் போத்தல் திறந்தால் மான் பிரட்டல் வேண்டும். அதற்காக மாதத்தில் ஒரு தடவையாவது கென்ற்றில் ஒரு பண்ணைக்குப் போவேன். பண்ணைக்காரி என் வயதுக்காரி. இளம் மரக்கன்றுகளைக் கடித்துத் தின்னும் மான்களைத் தானே சுட்டு, தானே உரித்து விற்பவள்.

ஒருநாள் நான் போனபோது இறைச்சி இல்லை. "இப்போதுதான் மான் சுடப் போகிறேன், வேண்டுமானால் நீயும் வா, ஆனால் வாய் திறக்கக்கூடாது" என்றாள். ஏணி உச்சியில் இரண்டு பேர் நெருக்கி இருக்க ஒரு பலகை. இருட்டும்வரை இருந்தோம். ஒரு மானும் வரவில்லை. இறங்கும்போதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரமும் என் கால் ஆடவில்லை. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு துவக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார் அவர்.

லைசென்ஸ் கிடைக்க மாதக்கணக்கானது. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு ஒரு பொலிஸ் அதிகாரி வந்தார். மாடிப்படிக்குக் கீழே சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கவேண்டும், கணவருக்குக்கூட அது இருக்கும் இடம் தெரியக்கூடாது என்றார். பிறகு அவரைப் பார்த்து, வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஏதும் மனக்குறை உண்டா என்று கேட்டார். இவர், "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று ஒரு தட்டு வடையை நீட்டினார். பொலிஸ்காரர் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் எல்லாச் சாவியும் ஒரே ஆணியில்தான் தொங்கும். அன்று முதல் ஒரு சாவி மட்டும் அந்த ஆணிக்கு வரவில்லை. அவர் ஆணியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

அதன் பிறகு தொடங்கியது தேடல். பொறுமைக்கும் எனக்கும் எட்டாப் பொருத்தம். வானை எங்கே நிறுத்தினாலும் போனில் துவக்கு வீடியோதான். ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு ரோல்ஸ் பெட்டியை இறக்க மறந்து, குரோய்டனில் இருந்து மனோர் பார்க்குக்கு அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். குறி தப்பாத துவக்கு வேண்டும், அதே நேரம் கைக்கு அடங்கும் விலையும் வேண்டும். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி, ஒன்று இருந்தால் மற்றது இருக்காது.

முதல் கடைக்காரர் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு ரைபிளை எடுத்து அவரிடமே நீட்டினார். இவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கில்லை, மனைவிக்கு என்றார். மரியாதைக்குச் செய்கிறார் என்று நினைத்து நான் கைநீட்டி வாங்கினேன். வால்நட் மரப் பிடங்கு, குழலைத் தாங்கித் தோள்வரை வரும் அந்தக் கட்டை, வரி வரியாக மினுங்கியது. மனது அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் தோளில் வைத்தால் அடிக்கட்டை அக்குளுக்குள் போகிறது, கண் ஸ்கோப்புக்கு எட்டவில்லை. ஆறடி வெள்ளைக்காரனுக்கு அளவெடுத்துச் செய்த சாமான் அது. விலையும் ஆறடி ஆளுடைய விலைதான்.

இரண்டாவது கடையில் ஒரு பழைய துவக்கு. மலிவு, போல்ட் நெய் பூசியதுபோல் ஓடியது. போல்ட் என்பது வேறொன்றுமில்லை, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு இரும்பு. தூக்கிப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் வெறும் கோது வெளியே விழும், முன்னால் தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே பூட்டிக்கொள்ளும். நான் குழல் வாயை விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு சின்னப் பொளிவு இருந்தது. தோட்டா கடைசியாகத் தொட்டுப் போவது அந்த விளிம்பைத்தான், அதில் காயம் இருந்தால் குறி போகும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அது ஒன்றும் செய்யாது என்றார் கடைக்காரர். நான் துவக்கைத் திருப்பி வைத்தேன்.

"கத்தரிக்காய் வாங்கிற மாதிரியெல்லே நசிச்சுப் பாக்கிறீர்," என்றார் இவர், வானில் ஏறியதும்.

"புழுக் கத்தரிக்காய் வாங்கினா நீங்கள்தானே பிறகு ஏசுவீங்கள்," என்றேன்.

மூன்றாவது கடை எசெக்ஸில். கடைக்காரர் என் உயரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கறுப்புப் பிளாஸ்ரிக் பிடங்கு வைத்த ஒரு துவக்கைக் கொண்டுவந்தார். பார்க்க வடிவில்லை, ஆனால் சுடும் என்றார். நேரான குழல் செய்ய முந்தித்தான் பெரிய செலவு, இப்போது மெஷின்கள் மலிவாகவே செய்துவிடும், வால்நட் மரத்துக்கும் மினுக்கலுக்கும்தான் மற்றவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்று விளக்கினார். நீளம் குறைய அடிக்கட்டையில் இருந்து இரண்டு வில்லைகளைக் கழற்றினார். துவக்கு என் தோளில் வந்து உட்கார்ந்தது. மானுக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவில் சின்னத் தோட்டா, அதனால் தோளை அதிகம் இடிக்காது.

பிறகு அவர் தன் பேர்ஸில் இருந்து ஐந்து பவுண் தாளை எடுத்தார். குழலுக்கும் கீழேயுள்ள பிடங்குக்கும் நடுவே அதை நுழைத்து, நுனியில் இருந்து அடிவரை தடையில்லாமல் இழுத்துக்காட்டினார். சுடும்போது குழல் அதிரும், அந்த அதிர்ச்சி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் தோட்டாவும் ஒரே இடத்துக்குப் போகும், எதுவும் குழலில் முட்டக்கூடாது, அவ்வளவுதான் இரகசியம் என்றார். எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது. துவக்கை வாங்கினேன்.

"எங்கட கிரைண்டர்கூட இதைவிட வடிவாய் இருக்கு," என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு ஆசை. "கார் வாங்கினநேரம் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தனாங்கள்தானே. உதை அங்க கொண்டுபோக ஏலாது. இஞ்ச சாமியறையில வைச்சு ஒரு கற்பூரம் காட்டிவிடுவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, மறுக்க மனம் வரவில்லை. போல்ட்டைக் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டு, துவக்கை வெள்ளைத் துண்டின் மேல் கிடத்தினேன். பூ வைத்தார், சாம்பிராணி காட்டினார், தேவாரமும் பாடினார். நடுவில் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு நான் எழும்பி ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் துவக்கை எடுத்துப் பெட்டியில் பூட்டினேன்.

காட்டில் தனியாக இருக்க எனக்குப் பண்ணைக்காரியின் அனுமதி வேண்டும், அதுவும் எழுத்தில். அவள் கண்டிப்பானவள். நூறு யார் தூரத்தில் ஒரு கடதாசி மட்டையில், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கும் பீரிசு அளவு வட்டம் கீறினாள். மூன்று வெடி, மூன்றும் வட்டத்துக்குள் விழவேண்டும். வெளியே போகும் வெடி ஒரு மானைக் காயத்தோடு ஓடவைக்கும், என் காட்டுப் பற்றைக்குள் அப்படி ஒன்று கிடந்து சாக விடமாட்டேன் என்றாள். அந்தக் காட்டை வேறு இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாத முடிவுக்குள் நான் செய்துகாட்டாவிட்டால் அது அவர்களுக்குப் போய்விடும். சுடுவதற்குக் காணி இல்லாதவளுக்குத் துவக்கு எதற்கு என்று பொலிசும் ஒருநாள் கேட்கும். எனக்கு அந்தப் பலகை வேண்டும், கால் ஆடாத அந்த மாலை நேரம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

முதல் வெடி வட்டத்துக்குள். இரண்டாவது விளிம்பில், கொஞ்சம் மேலே. மூன்றாவது வட்டத்தை விட்டே போனது. குழல் ஆறட்டும் என்று காத்திருந்து திரும்பவும் சுட்டேன். அதே கதை. முதலாவது நல்ல பிள்ளை, மற்ற இரண்டும் ஊர் சுற்றப் போய்விட்டன. அடுத்த கிழமை வேறு தோட்டா வாங்கிக்கொண்டு போனேன். அதற்கடுத்த தடவை ஸ்கோப்பை மாற்றினேன். பிடங்கின் திருகாணிகளை இறுக்கினேன், அது இன்னும் மோசமானது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, தொட்டதெல்லாம் கெட்டது. எசெக்ஸ் கடைக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மலிவுச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று வான் ஓட்டும்போது தனியே புறுபுறுத்தேன். கால் முன்னைவிட மோசமாக ஆடியது. சிவப்பு லைட்டில் நின்றாலும் ஆடியது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றார் இவர், வெங்காயம் வெட்டிக்கொண்டு.

"நீங்கள் பேசாமல் வெங்காயத்தை வெட்டுங்கோ."

மாதம் முடிய ஒரு கிழமை இருந்தது. அன்று வீட்டுக் குசினியில் அவர் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் துவக்கைத் துடைக்க எடுத்துவந்து மேசையில் கிடத்திவிட்டு, கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் கடைக்காரனின் ஐந்து பவுண் தாள் நினைவுக்கு வந்தது. என் பேர்ஸில் இருந்து ஒரு தாளை எடுத்தேன். குழல் நுனியில் நுழைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்த தாள் நடுவழியில் நின்றுவிட்டது.

திரும்ப இழுத்தேன். திரும்பவும் அதே இடத்தில் நின்றது. கிறீன் ஸ்றீற் கடையில் வாங்கிய விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவி, அந்த இடுக்குக்குள் விட்டுக் கிண்டினேன். நாலாய் எட்டாய் மடித்த ஒரு சின்னக் கடதாசி மேசையில் விழுந்தது. மடிப்பு விரிந்து சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது. அது என்னவென்று கேட்கவே தேவையில்லை. குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்துக்கு அகதி விசாரணைக்குப் போன காலையில் என் கைப்பைக்குள் இருந்ததும் இதுதான். வானில் வெயில் மறைப்பை இறக்கினால் தலையில் கொட்டுவதும் இதுதான். எங்கள் மகன் சோதனை எழுதப் போட்டுக்கொண்டுபோன சட்டையோடு துவைக்கும் மெஷினுக்குள் போய்க் குழைந்ததும் இதுதான்.

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றுபோனது.

"உதென்ன?" என்றேன்.

"திருநீறு."

"அது தெரியுது. ஆர் வைச்சது?"

"நான்தான். பூசை செய்த அண்டைக்கு, நீர் பாலைப் பாக்கப் போனநேரம்." அவர் திரும்பாமலே சொன்னார். "குழலுக்குள்ள வைக்கேல்லைத்தானே. வெளியிலதானே செருகினனான்."

எனக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பை தட்டுப்பட்டு விழுந்தது. எத்தனை தோட்டா, எத்தனை பெற்றோல், அந்தப் பண்ணைக்காரியின் முன்னால் எத்தனை வெட்கம். குழல் சூடாகச் சூடாக இந்தப் பொட்டலத்தில் முட்டித்தான் குறி விலகியிருக்கிறது என்று நான் கத்திக் கத்தி விளங்கப்படுத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"வேணுமெண்டு செய்யேல்லை," என்றார். "உம்மட வானில இருக்கு. போன் கவருக்குள்ள இருக்கு. எல்லாத்துக்குள்ளயும் வைச்சிட்டு உதுக்குள்ள மட்டும் வைக்காமல் விடச் சொல்லுறீரோ?"

போன் கவரைக் கழற்றிப் பார்த்தேன். இருந்தது.

"பொலிஸ்காரன் கேட்டநேரம் ப்ராப்ளம் இல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"வேற என்ன சொல்லுறது?" இப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த மரத்தில ஏறி இருந்திட்டு வந்த அண்டைக்கு நீர் கால் ஆட்டாமல் இருந்து சாப்பிட்டனீர். இத்தினை வருஷத்தில அண்டைக்குத்தான். நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். அதை எப்பிடி வேண்டாம் எண்டுறது?"

நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை, நான் சோற்றைப் போட்டுச் சாப்பிடும்போதே அவர் கண்டுவிட்டிருந்தார். கோபம் முழுதாகத் தீரவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்ப உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"குழம்பு அடிப்பிடிக்குது," என்று அவர் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

கொட்டிய திருநீற்றைக் கூட்டிக் காலில் படாத இடத்தில் போட அவரே ஒரு கடதாசி கொண்டுவந்தார். ஒரு பொடியும் விடாமல் வழித்து எடுத்து, மடித்து, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் ஐந்து பவுண் தாளைத் திரும்பவும் நுழைத்தேன். நுனியில் இருந்து அடிவரை வழுக்கிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை நான் புறப்படும்போது அவரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வாறன்."

"அங்க வந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"வான்ல இருக்கிறன். திரும்பி வரேக்க நீர் களைச்சிருப்பீர், நான் ஓடுறன்."

பண்ணையின் வயல் வாசல் படலையடியில் வானை நிறுத்தினேன். யன்னல் கண்ணாடிகளை எல்லாம் அவர் மேலே ஏற்றிவிட்டார். பிளாஸ்கையும் ஒரு பெட்டி பிஸ்கற்றையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் துவக்கை உறையோடு தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பண்ணைக்காரி மட்டையை நட்டுவிட்டு, கைகட்டி எனக்குப் பின்னால் நின்றாள். ஈரப் புல்லில் குப்புறப் படுத்தேன். மூச்சை இழுத்துப் பாதி விட்டேன். முதல் வெடி, பிறகு போல்ட், இரண்டாவது, பிறகு போல்ட், மூன்றாவது. இடையில் ஆறவிடவில்லை, வேண்டுமென்றே விடவில்லை. சேர்ந்து நடந்துபோய்ப் பார்த்தோம். மூன்று ஓட்டைகளையும் ஒரு பிஸ்கற்றால் மூடிவிடலாம். அவள் என்னைப் பார்த்தாள், மட்டையைப் பார்த்தாள், முன்பு என்ன கோளாறு இருந்தது என்று கேட்டாள். ஒன்று முட்டிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். தன் வண்டியின் பொனற்றில் வைத்து அனுமதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துவக்கை உறைக்குள் பூட்டிக்கொண்டு, நான் படலைக்கு ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். ஐம்பது தாண்டியவள் சேற்றில் ஓடுவது எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவருக்குக் கடதாசியைக் காட்டவேண்டும், அவ்வளவுதான் மனதில். வானுக்குள் பார்த்தால் முன் கதிரையில் ஆள் இல்லை. பிளாஸ்க் கதிரையில் சரிந்து கிடந்தது. மூத்திரம் பெய்ய மரத்தடிக்குப் போயிருப்பார் என்று சுற்றிலும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கதவை இழுத்துத் திறந்தேன்.

கதிரைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில், கால் வைக்கிற அந்தச் சின்ன இடத்தில், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவர் குந்தியிருந்தார். தலை இரண்டு கைக்குள்ளும். பிஸ்கற் எல்லாம் கொட்டி நொருங்கிக் கிடந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அந்த இடத்துக்குள் எப்படிப் போனதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்படிக் குந்துவதற்கு அவர் ஊரில், சண்டைக் காலத்தில், எங்கேயோ பழகியிருந்தார். அதை நான் இத்தனை வருஷமும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"இஞ்சாருங்கோ," என்றேன்.

"மூண்டு கேட்டது," என்றார், தலையை நிமிர்த்தாமல். "இன்னும் இருக்கோ?"

"இல்லை. மூண்டுதான். முடிஞ்சுது."

"பட்டதோ?"

"மூண்டும் பட்டது."

"அப்ப நல்லது." பொத்திய கையை விரித்தார். அந்தப் பொட்டலம் வியர்வையில் நனைந்து கிடந்தது. அதில் தொட்டு, இருந்த இடத்தில் இருந்தே எட்டி, என் நெற்றியில் பூசினார். பாதி என் கண்ணுக்குள் விழுந்தது. "கொஞ்சம் பொறும், எழும்புறன்."

"ஒரு அவசரமும் இல்லை," என்றேன். "ஆறுதலா எழும்புங்கோ."

கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, துவக்கைத் தோளில் இருந்து இறக்காமலே, நான் ஈரப் புல்லில் அவருக்கு நேரே இருந்துவிட்டேன். அனுமதிக் கடதாசி கையில் கசங்கிக்கொண்டிருந்தது. என் கால் ஆடவில்லை. ஆடிக்கொண்டிருந்தது அவருடைய கால்.